நிவாரணப் பணமும் நம் கடைப் பேரேடும்



நம் டெல்டா மாவட்டங்களில் புயல் அடித்தாலும் சரி, பருவம் தப்பிய மழை பெய்தாலும் சரி, அடுத்த சில வாரங்களுக்குக் கடைவீதியில் ஒரே பேச்சுதான். "நிவாரணம் எப்போது வருமாம்? ஏக்கருக்கு எவ்வளவு போடுகிறார்களாம்?" இதை விவசாயி கேட்பது நியாயம். ஆனால் அவரைவிட அதிக ஆவலோடு கேட்பவர்கள் நம் சில்லரை வியாபாரிகள். காரணம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. ஐப்பசியிலிருந்து தை வரை எழுதிய பற்றெல்லாம் பேரேட்டில் அப்படியே நிற்கிறது. அறுவடை முடிந்ததும் தருகிறேன் என்று சொன்னவரின் வயல் தண்ணீரில் கிடக்கிறது. இனி வசூலுக்கு வழி நிவாரணப் பணம் ஒன்றுதான் என்று நாம் மனத்துக்குள் கணக்குப் போட்டுவிடுகிறோம்.

இந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. தர்மம், புண்ணியம் என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் இது தவறுதான். நான் பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவன். மளிகை மொத்த வியாபாரத்தில் முடி நரைத்தவன். கிராமத்துக் கடைகளுக்குக் கடனில் சரக்குக் கொடுத்து, அறுவடைக்கு அறுவடை வசூல் செய்து பிழைப்பவன். பாக்கி நின்றால் எனக்கும் வலிக்கும். அந்த வலியோடுதான் சொல்கிறேன். நிவாரணப் பணத்தின்மேல் பழைய பாக்கிக்காக நாம் கை வைக்கக் கூடாது.

இந்தப் பணம் எதற்கு?

முதலில் இந்தப் பணம் என்ன கணக்கில் வருகிறது என்று பார்ப்போம். நம்மில் பலர் இதைப் பயிருக்கு அரசு தரும் நஷ்ட ஈடு என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல. அரசு ஆணைகளில் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். அழிந்த நெல்லுக்கு விலை கொடுப்பது இதன் நோக்கமல்ல. விதை, உரம், உழவு என்று வயலில் போட்ட முதல் போய்விட்டதால், அடுத்த சாகுபடியைத் தொடங்க ஒரு கைப்பிடி முதல் கொடுப்பதே நோக்கம்.

பணம் வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. இந்த நிதி 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டது. நம் மாநிலத்தில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசும், 25 பங்கு மாநில அரசும் இதற்குத் தருகின்றன. எந்த இழப்புக்கு எவ்வளவு என்று மத்திய அரசு ஒரு விகிதம் வைத்திருக்கிறது. 2015இல் அது பாசனப் பயிருக்கு எக்டேருக்கு ரூ.13,500, மானாவாரிக்கு ரூ.6,800, நீண்டகாலப் பயிருக்கு ரூ.18,000 என்று இருந்தது. 2022இல் இவை முறையே ரூ.17,000, ரூ.8,500, ரூ.22,500 என்று உயர்த்தப்பட்டன. மத்திய விதிப்படி ஒருவருக்கு இரண்டு எக்டேர் வரைதான். பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும். 2015க்கு முன்பு இது 50 சதவீதமாக இருந்தது.

மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து அதிகமாகவும் கொடுப்பதுண்டு. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் நெல்லுக்கு எக்டேருக்கு ரூ.20,000 அறிவிக்கப்பட்டது. அந்தத் தடவை இரண்டு எக்டேர் வரம்பையும் தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் டெல்டாவில் கொட்டிய மழைக்கும் ரூ.20,000தான். 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலுக்கு ரூ.17,000. ஆண்டுக்கு ஆண்டு தொகை மாறுகிறது. ஆகவே போன தடவை வந்ததை வைத்து இந்தத் தடவை இவ்வளவு வரும் என்று பேரேட்டில் பென்சிலால் குறித்து வைப்பதில் பொருளில்லை.

எக்டேர் கணக்கு நமக்குச் சரியாகப் பிடிபடாது. ஏக்கருக்கு மாற்றிப் பார்த்தால் ரூ.17,000 என்பது சுமார் ரூ.6,880. மூன்று மா ஓர் ஏக்கர் என்ற நம் ஊர்க் கணக்கில் மாவுக்கு ரூ.2,300க்குக் கொஞ்சம் குறைவு. ஓர் ஏக்கர் நெல் சாகுபடிக்கு முப்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது என்கிறார்கள் விவசாயிகள். உழவு, விதை, நடவுக் கூலி, ஒரு மூட்டை ரூ.1,350க்கு டி.ஏ.பி., களை, மருந்து, அறுவடை இயந்திர வாடகை என்று கூட்டிப் பார்த்தால் அவர்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்பது விளங்கும். ஆக, போட்ட முதலில் கால் பங்குகூட இந்த நிவாரணத்தில் திரும்பி வருவதில்லை. அந்தக் கால் பங்கும் நம் கல்லாவுக்கு வர வேண்டும் என்றால், அடுத்த விதை எங்கிருந்து வரும்?

யாருக்கு வருகிறது?

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நம் பேரேட்டில் பெயர் இருப்பவர் வேறு, நிவாரணப் பட்டியலில் பெயர் இருப்பவர் வேறு.

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் வயலைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை சரியாக இருப்பவருக்குப் பணம் நேராக வங்கியில் விழுகிறது. நம் பகுதியில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்துவிட்டது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969இல் வந்தது. ஆனாலும் வாய்மொழிக் குத்தகை இன்றும் நடக்கிறது. எழுத்தில் இல்லாத குத்தகைதாரர் அடங்கலில் தன் பெயரை ஏற்றிக்கொள்ளப் படாத பாடு படுகிறார். அப்படி ஏறாவிட்டால், முதல் போட்டவர் ஒருவர், பணம் வாங்குபவர் வேறொருவர். ஆண்டுக்கு ரூ.6,000 தரும் பிரதமரின் விவசாயிகள் உதவித் திட்டமும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான்.

இனி விவசாயக் கூலிக்காரர்கள். ஒரு கிராமத்துக் கடையில் தினம் வந்து கால் கிலோ பருப்பும் நூறு எண்ணெயும் வாங்குபவர்கள் அவர்கள்தாம். வயல் அழிந்தால் அறுப்பும் இல்லை, மூட்டை தூக்கும் வேலையும் இல்லை. இடுபொருள் மானியத்தில் அவர்களுக்கு ஒரு காசு கிடையாது.

என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு கிராமத்து வியாபாரி ஒரு நல்ல காரியம் செய்தார். மழைக்குப் பிறகு தன் பேரேட்டை எடுத்து, பாக்கி வைத்திருந்த 46 பேர் பெயருக்கு எதிரே பட்டா, குத்தகை, கூலி என்று குறித்தார். பட்டாதாரர் 11 பேர், குத்தகைக்காரர் 14 பேர், மீதி 21 பேர் கூலிக்காரர்கள். "நிவாரணம் வந்தால் எல்லாம் அடைந்துவிடும் என்று இருந்தேன். வந்தாலும் 11 பேருக்குத்தான் நிச்சயம்" என்றார். உங்கள் பேரேட்டையும் ஒருமுறை இப்படிக் குறித்துப் பாருங்கள். நிவாரணத்தை நம்பிப் புதிய சரக்கை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 33 சதவீதச் சேதத்துக்கு மேல் இருந்தால் பணம். அதற்குக் கீழே என்று எழுதிவிட்டால் ஒன்றுமில்லை. பாதி சாய்ந்த பயிரைத் தண்ணீரில் நின்று அறுத்து, ஈர நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடப்பவருக்கும் நஷ்டம்தான். வழக்கமாக 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு மத்திய அரசு இதை 20 சதவீதம் வரை தளர்த்தியது. அந்தத் தளர்வுக்குக்கூட விவசாயி போராட வேண்டியிருந்தது. நிவாரணப் பட்டியலில் வராத இப்படிப்பட்டவர்களும் நம் பேரேட்டில் இருக்கிறார்கள்.

பயிர்க் காப்பீடு வேறு, இது வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் கட்டியவருக்குத்தான் இழப்பீடு. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, அந்த வட்டாரத்தின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடுவார்கள். பணம் வர மாதங்கள் பல ஆகும். "இன்சூரன்ஸ் வந்ததும் தருகிறேன்" என்ற வாக்கை எந்த அளவுக்கு நம்புவது என்பதை இதிலிருந்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இரண்டு ஏக்கர் கணக்கு

இப்போது வசூலுக்கு வருவோம். இரண்டு ஏக்கர் சொந்த நிலம் வைத்திருக்கும் ஒருவர் நம் கடையில் ரூ.14,000 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நிவாரணம் சுமார் ரூ.13,760 வருகிறது. அன்று மாலையே போய் நின்று அவ்வளவையும் வாங்கிவிட்டோம். பேரேட்டில் கோடு போட்டாயிற்று. நமக்குத் திருப்திதான்.

அவர் குறுவைக்கு என்ன செய்வார்? மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் உழவும் விதையும் தயாராக வேண்டும். அவர் பதின்மூவாயிரம் ரூபாயை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வெளியில் வாங்குகிறார். மாதம் ரூ.650 வட்டி. ஐந்து மாதத்தில் ரூ.3,250. ஒரு சிறு குடும்பத்தின் ஒரு மாத மளிகைப் பணம் அது. நம் கல்லாவுக்கு வர வேண்டிய பணம் வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது. அறுவடை ஆனதும் முதலில் களத்துமேட்டில் வந்து நிற்பவரும் வட்டிக்காரர்தான். நாம் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்போம்.

கடன் கிடைக்கவில்லை என்றால் வயல் தரிசாகக் கிடக்கும். ஒரு வயல் தரிசு என்றால் நடவுக்கூலி இல்லை, களைக்கூலி இல்லை. கூலிக்காரர் வீட்டில் பருப்பு அரைக் கிலோவிலிருந்து கால் கிலோ ஆகும். கால் கிலோ நூறு கிராம் ஆகும். அந்தக் குறைவு சில்லரைக் கடையில் தொடங்கி, என் கோடவுன் வழியாக, பருப்பு மில் வரை போகும்.

அதே ரூ.14,000த்தை இரண்டு அறுவடையில் ஏழாயிரம் ஏழாயிரமாக வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னால்? குறுவை பழுதில்லாமல் வந்தால் பாதி, சம்பாவில் மீதி. வாடிக்கையாளரும் நிற்பார், வியாபாரமும் நிற்கும். ஒரு வருடம் பணம் முடங்கும் என்பது உண்மை. ஆனால் முடங்கிய பணம் வேறு, மூழ்கிய பணம் வேறு.

வங்கிகளே இந்த முறையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளில், இயற்கைச் சீற்றத்தால் 33 முதல் 50 சதவீதம் வரை பயிர் போன இடத்தில் பயிர்க்கடனை இரண்டு ஆண்டு வரையிலும், அதற்கு மேல் போன இடத்தில் ஐந்து ஆண்டு வரையிலும் தவணையாக மாற்றலாம் என்றும், முதல் ஓராண்டு வசூலை நிறுத்தி வைக்கலாம் என்றும் வழி செய்தார்கள். நிவாரணத் தொகையை வங்கி தன் பழைய கடனுக்கு வரவு வைத்துக்கொண்டால் விவசாயச் சங்கங்கள் கொடி பிடிக்கின்றன. நாமும் "பாவம், வங்கிக்காரன் இப்படிச் செய்யலாமா" என்று கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். வங்கி செய்தால் அநியாயம், நாம் செய்தால் வசூலா?

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மரத்துக்கு ரூ.600, வெட்டி அகற்ற ரூ.500, ஆக ரூ.1,100 என்று அரசு கொடுத்தது. தென்னங்கன்று வைத்துக் காய் பறிக்க ஐந்தாறு வருடம் ஆகும். நிவாரணம் வந்த மாதத்தில் வசூல் நன்றாக இருந்தது என்று அந்தப் பக்கத்து வியாபாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த இரண்டு மூன்று வருடம் விற்பனை எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்று வருந்தியவர்களும் அவர்களேதான்.

நம்மிடையே ஒரு கெட்ட பழக்கம்

சில ஊர்களில் பாக்கிக்கு ஈடாக விவசாயியின் பாஸ் புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கடையில் வாங்கி வைத்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். பணம் விழுந்ததும் கடைக்காரரே எடுத்துக்கொள்கிறாராம். இது வியாபாரமல்ல. நாளை ஒருவர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் கடைவீதிக்கே தலைகுனிவு. நம் சங்க உறுப்பினர் எவரும் இதைச் செய்யக் கூடாது. செய்திருப்பவர் நாளைக் காலையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். "நிவாரணம் வந்த கையோடு டவுனுக்குப் போய்ப் புது செல்போன் வாங்குகிறார், நாங்கள் மட்டும் பொறுமையாக இருக்க வேண்டுமா?" என்பார்கள். அப்படிப்பட்டவர் ஊருக்கு இரண்டு பேர் இருப்பார். அவர் யார் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அவருக்கு அடுத்த பற்று எழுதாதீர்கள். அவரை வைத்து மற்ற எல்லோருக்கும் விதி செய்ய வேண்டாம்.

"கடை என்ன தர்ம சத்திரமா?" என்பார்கள். இல்லை. நான் கேட்பது தள்ளுபடி அல்ல, தவணை. பழைய பாக்கியைத் தனி ஏட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அறுவடை மாதத்தைக் குறித்து வைத்துவிடுங்கள். அன்றாடச் சரக்கை அன்றிலிருந்து கூடுமானவரை ரொக்கத்துக்குக் கொடுங்கள். பழைய பாக்கியும் புதிய பற்றும் ஒரே பக்கத்தில் கலந்தால் இரண்டும் வசூலாகாது.

மொத்த வியாபாரியின் பங்கு

இதைச் சில்லரை வியாபாரிக்கு மட்டும் உபதேசமாகச் சொன்னால் அது சரியாகாது. நான் பத்து நாள் கெடு வைத்துக் கழுத்தை நெரித்தால், அவர் விவசாயி வீட்டு வாசலில் போய்த்தான் நிற்பார். ஆகவே மொத்த வியாபாரிகளாகிய நாம் முதலில் தவணை கொடுக்க வேண்டும். அரசு பாதித்த பகுதி என்று அறிவித்த கிராமங்களின் கடைகளுக்குப் பழைய பில்லை நிறுத்தி வைத்து, புதிய சரக்கை ரொக்கத்துக்கோ வாரக் கெடுவுக்கோ அளவாகக் கொடுக்கலாம். மில்காரர்களிடமும் மண்டிக்காரர்களிடமும் நம் சங்கம் ஒரே குரலில் பேசினால் ஒரு மாதம் கூடுதல் கெடு வாங்க முடியும். தனித்தனியாகப் போய்க் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சங்கம் கேட்க வேண்டியவை

விவசாயிக்குப் பணம் போக வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள்தான் பேச வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பணத்தில் விதை வாங்கி விளைந்தால்தான் நம் கடை நடக்கும். ஆகவே மாவட்ட ஆட்சியரிடம் நம் சங்கம் கொடுக்கும் மனுவில் நான்கு கோரிக்கைகள் இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

ஒன்று, கணக்கெடுப்பு முடிந்ததும் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். விடுபட்டவர் முறையிட ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும்.

இரண்டு, வாய்மொழிக் குத்தகைக்காரரை அக்கம்பக்கத்து விவசாயிகளின் சாட்சியத்தோடு அடங்கலில் ஏற்ற வேண்டும். உழுதவருக்குத்தான் இடுபொருள் மானியம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

மூன்று, பணம் அடுத்த பருவ விதைப்புக்கு முன் வந்து சேர வேண்டும். தையில் அழிந்த பயிருக்கு ஆடியில் வரும் பணம் வட்டிக்காரருக்குத்தான் உதவும்.

நான்கு, நம்மைப் பற்றியது. பேரிடர் நிவாரண விகிதத்தில் விவசாயி, மீனவர், கால்நடை வளர்ப்போர், கைத்தறி, கைவினைத் தொழிலாளர் ஆகியோருக்கு இடம் இருக்கிறது. கடையில் தண்ணீர் புகுந்து சர்க்கரை கரைந்து, அரிசி மூட்டை முளைவிட்டுப் போன சில்லரை வியாபாரிக்கு அதில் ஓர் இனமும் இல்லை. சிறு கடைகளின் சரக்கு இழப்பையும் சேர்க்க வேண்டும் என்று கேட்போம். அது கிடைக்கும் வரை, கட்டடத்துக்கும் சரக்குக்கும் வெள்ளச் சேதத்தைச் சேர்த்து இன்சூரன்ஸ் எடுத்து வையுங்கள். பாலிசியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அந்த உழக்கை நம்பித்தான் நம் தராசு ஆடுகிறது. அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர எண்ணுகிறேன். "நிவாரணத் தொகையிலிருந்து பழைய பாக்கி வசூலிப்பதில்லை, பாதிக்கப்பட்டவர் பாக்கியை இரண்டு அறுவடைத் தவணையில் பெறுவது" என்பதே அதன் வாசகம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் பேரேட்டோடு வந்து பேசுங்கள். பெயர்களுக்கு எதிரே பட்டா, குத்தகை, கூலி என்று குறித்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. கணக்கை வைத்துப் பேசி முடிவு செய்வோம்.